வலக்கை எழ வேண்டும்

மார்ச் 3
பிறந்த குழந்தைக்கு மோரோ அனிச்சை பார்த்தாயிற்று: தலை சட்டெனத் தாழ்ந்தால் இரு கைகளும் தாமாக விரிந்து அணைய வேண்டும். இடக்கை விரிந்து, விரல்கள் திறந்து, பிறகு மார்போடு வந்து அணைந்தது. வலக்கை அசையவில்லை.

மார்ச் 4
மறுபடியும் அதே. குழந்தை விழித்திருந்தது, பசியும் இல்லை, அழுகையும் இல்லை. தலையை நடுவில் நேராக வைத்துத்தான் பார்த்தது. தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தால் இரு கைகளும் ஒன்றுபோல எழாது, இல்லாத குறை தெரியும். தலையையும் தோளையும் ஏந்தி, சற்றே தூக்கி, தலையை மட்டும் ஓரிரு செ.மீ. தாழவிட்டு உள்ளங்கையில் வாங்க வேண்டும். சிலர் கைகளைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள். காறை எலும்பு முறிந்திருக்குமோ என்ற ஐயம் இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. எக்ஸ்ரேயில் முறிவில்லை.

மார்ச் 5
வலது உள்ளங்கையில் விரல் வைத்தால் இறுகப் பற்றுகிறது. பற்றுகிறது!

மார்ச் 6
தோளை விரிப்பதும் முழங்கையை மடக்குவதும் கழுத்தின் 5, 6ஆம் நரம்பு வேர்களின் வேலை. விரல்களை மூடுவது கழுத்தின் 8ஆம் வேரும் மார்பின் முதல் வேரும். மோரோ இல்லை, பற்று உண்டு என்றால் அடிபட்டது மேல் வேர்கள்: எர்ப் வாதம். கை உட்புறம் திரும்பி, முழங்கை நீண்டு, மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதும் அதற்குப் பொருந்துகிறது. இமை தொங்கவில்லை. மூச்சு சீர். இமைக்கும் மூச்சுக்கும் போகும் நரம்புகள் தப்பியிருக்கின்றன. இரண்டும் பெரிய ஆறுதல்.

மார்ச் 29
நிறுத்திப் பிடித்தால் எட்டு வைக்கிறதே, நடை பழக்கலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். வேண்டாம். இரண்டாம் மாத வாக்கில் அது தானே நின்றுவிடும். கால் கொழுத்துக் கனப்பதும் ஒரு காரணம். உளவியலாளர் எஸ்தர் தீலன் குழுவினர் 1984இல் குழந்தைகளைத் தண்ணீரில் நிறுத்தியபோது எட்டுகள் கூடின.

ஏப்ரல் 20
வலக்கை அப்படியே.
துணி மாற்றும்போதெல்லாம் முழங்கையை மடக்கி, தோளை மெதுவாக வெளிப்புறம் திருப்பிவிட வேண்டும். விட்டால் உட்புறமாகவே இறுகிவிடும். சட்டைக்குள் வலக்கை முதலில் போக வேண்டும், கழற்றும்போது கடைசியில் வர வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மே 9
மோரோவில் வலத்தோள் கொஞ்சம் விரிந்தது. முழங்கை மடங்கவில்லை.

மே 24
மோரோ மங்குகிறது. 4 முதல் 6 மாதத்துக்குள் பொதுவாகக் குழந்தைகளுக்கு அது அடங்கிவிடும். இரு கையும் எழாத நாளில் வலக்கையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இனி முழங்கைதான் கணக்கு. 3 மாதம் நிறையும்போது கையின் கனத்தை எதிர்த்து அது மடங்காவிட்டால், நரம்பு அறுவை மருத்துவரிடம் அனுப்பத் தாமதிக்கக் கூடாது.

ஜூன் 1
தலையை இடப்புறம் திருப்பினேன். தலையைத் திருப்பினால் வரும் கழுத்து அனிச்சையில் முகம் பார்க்கும் பக்கத்துக் கை நீளும், மறுகை மடங்கும். வலது முழங்கை மடங்கியது. ஆனால் மெத்தையில் சறுக்கித்தான், எழவில்லை. நாளை காலை, பால் குடிக்கும் முன், தாங்கி உட்காரவைத்து மறுபடி பார்க்க வேண்டும்.