காபியை யார் போட்டது?

அடுத்த பிறவியில் உங்களுக்குப் பிடித்த மாதிரியே ஒரு வாழ்க்கை கிடைக்கிறது. ஆணா பெண்ணா, எந்த ஊர், எவ்வளவு பணம், எல்லாம் உங்கள் இஷ்டம். அந்த வாழ்க்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். சாதனை, விருது எதுவும் வேண்டாம். சும்மா ஒரு நாள் போதும்.

இது என் அக்கா மகள் எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம். கோவையில் சைக்காலஜி படிக்கிறாள். பிராக்டிகலுக்கு ஆள் வேண்டுமாம். "சித்தி, ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, ப்ளீஸ்" என்று வாட்ஸ்அப்பில் கெஞ்சினாள். ஏன் செவ்வாய்க்கிழமை என்று கேட்டேன். ஞாயிறு என்று சொன்னால் எல்லோரும் தூங்குவதாக எழுதிவிடுகிறார்களாம், திங்கள் என்றால் புலம்புகிறார்களாம். சரிதான்.

நான் கரூரில் சின்னதாக ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன், இன்கம்டாக்ஸ், பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட், இதுதான் பிழைப்பு. 2017 ஜூலைக்குப் பிறகு என் காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி எல்லாம் போய் 11, 20 என்ற இரண்டு தேதிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. 11ஆம் தேதி விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதி வரி கட்டும் ரிட்டர்ன். 20 முடிந்து நிமிர்ந்தால் அடுத்த 11 வந்து நிற்கும். இப்படிப்பட்டவளிடம் வந்து அடுத்த பிறவியைப் பற்றி எழுதச் சொன்னால் என்ன எழுதுவது?

முதலில் எழுதியது பாடகி. இதை எல்லோரும் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். மேடை, பட்டுப்புடவை, தம்பூரா, கூட்டம். ஆனால் செவ்வாய்க்கிழமை என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே. செவ்வாய்க்கிழமை கச்சேரி இல்லை. விடியற்காலையில் எழுந்து ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். ஐஸ் தண்ணீர் கூடாது, தயிர் கூடாது. பத்து வரி எழுதுவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது கைதட்டல்தான், பாட்டு இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எழுதினேன். அது எங்கிருந்து வந்தது என்று இன்னும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

பஸ்ஸுக்குப் பெயர் எழுதும் பெயிண்டர்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கரூர் என்றால் பெட்ஷீட், கொசுவலை என்று பலருக்கும் தெரியும். பஸ் பாடி கட்டுவது இங்கே அதே அளவுக்குப் பெரிய தொழில். கம்பெனியிலிருந்து வண்டி முழுசாக வராது. எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், நீளமான இரும்புச் சட்டம், அவ்வளவுதான். கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது. அதை ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஹைவேயில் ஓட்டி வருவார். பார்த்தால் எலும்புக்கூடு ஒன்று தானாக ஓடிவருவது போல இருக்கும். அதற்கு இங்கே உள்ள பட்டறைகளில் கூடு கட்டி, தகடு அடித்து, சீட் போட்டு, பெயிண்ட் அடித்து பஸ் ஆக்கி அனுப்புவார்கள். என் கிளையண்டுகளில் சிலர் பாடி பட்டறை வைத்திருப்பவர்கள். ஸ்டாக் பார்க்கப் போகும்போது தகடு எத்தனை, பைப் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டுப் பெயிண்ட் ஷெட் வாசலில் நின்றுவிடுவேன்.

அங்கே வயசான பெயிண்டர் ஒருவர் இருக்கிறார். இப்போது பெயர், டிசைன் எல்லாம் கம்ப்யூட்டரில் வெட்டிய ஸ்டிக்கர்தான். அரைநாளில் ஒட்டி முடித்துவிடுகிறார்கள். இருந்தாலும் சில முதலாளிகள், பழைய ஆட்கள், "முகப்பில் சாமி பெயர் மட்டும் கையால் எழுதணும்" என்பார்கள். அப்போது இவரைக் கூப்பிடுவார்கள்.

அவர் எழுதுவதைப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு நூலில் சாக்பீஸ் தூளைத் தேய்ப்பார். இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் தகட்டில் நேர்கோடு ஒன்று விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் எழுத்துகளைச் சாக்பீஸால் லேசாக வரைந்துவிட்டு எட்டிப்போய் நின்று பார்ப்பார். பக்கத்தில் வந்து ஒரு எழுத்தை அழித்து அரை இஞ்ச் தள்ளி எழுதுவார். மறுபடி எட்டிப்போய்ப் பார்ப்பார். இதற்கே டீ நேரம் வந்துவிடும். அப்புறம்தான் பெயிண்ட் டப்பா திறக்கும். கை ஆடாமல் இருக்க இடது கையில் ஒரு குச்சியை ஊன்றி, அதன்மேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொள்வார். பிரஷ்ஷை டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் தடவித் தட்டையாக்கி, ஒரு 'மு'வின் சுழியை ஒரே இழுப்பில் இழுத்து முடிப்பார். மூச்சு விடுகிறாரா என்றே தெரியாது. கடைசியில் எழுத்துக்கு எல்லாம் ஒரே பக்கமாக நிழல் கொடுப்பார். அதுவரை தகட்டின்மேல் கிடந்த எழுத்து அப்போது எழுந்து நிற்கும்.

இதைத்தான் என் செவ்வாய்க்கிழமையாக எழுதினேன். ஆறரைக்குக் காபி. ஏழரைக்குச் சைக்கிளில் பட்டறை. காலை முழுக்க ஒரே ஒரு பெயர். மதியம் கேரியரில் சாப்பாடு, ஷெட்டிலேயே ஒரு குட்டித் தூக்கம். சாயங்காலம் வேறொரு வண்டி பட்டறையை விட்டுக் கிளம்புவதை வாசலில் நின்று பார்ப்பது. அந்தப் பஸ் எந்த ஊருக்கு ஓடினாலும் முகப்பில் என் எழுத்து. இரவு ரசம் சாதம், அப்பளம், தூக்கம். நாள் முழுக்க போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

வீட்டுக்காரர் படித்துவிட்டு, "பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கவா பி.காம் படிச்சே?" என்றார். அவரைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கா மகள்தான் என்னை மடக்கினாள். போட்டோ எடுத்து அனுப்பியதை முழுக்கப் படித்துவிட்டுப் போன் செய்தாள்.

"சித்தி, ஒரே ஒரு சந்தேகம். ஆறரைக்குக் காபி குடிச்சீங்கன்னு எழுதியிருக்கீங்களே, அந்தக் காபியை யார் போட்டது?"

எனக்குப் பதில் வரவில்லை. தாளை எடுத்துத் திரும்பப் படித்தேன். காபி வந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன். கேரியரும் வந்தது. ரசம் வந்தது. பெயிண்ட் பட்ட சட்டை மறுநாள் துவைத்து மடித்து இருந்தது என்று வேறு ஒரு வரி. ஆணாகப் பிறப்பேன் என்று எங்கேயும் எழுதவில்லை, யோசிக்கவும் இல்லை. ஆனால் அந்த நாள் முழுக்க ஒரு ஆம்பளையின் நாள். அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஒருத்தி எனக்கு முன்பே எழுந்து பாலைக் காய்ச்சியிருக்கிறாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பிறவியில் அது நான்தான்.

"இந்தப் பயிற்சியில் எழுதினதைவிட எழுதாம விட்டதுதான் சித்தி முக்கியம்" என்றாள். இவளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவள் நான். அவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

அவள் சொன்னதும் எனக்குக் குலசேகர ஆழ்வார் நினைவுக்கு வந்தார். தான்தோன்றிமலை கோயிலில் புரட்டாசி சனிக்கிழமை வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் யாராவது சொல்லக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பதிகம். அடுத்த பிறவியில் என்னவாகப் பிறக்க வேண்டும் என்று நம் மொழியில் வரிசை போட்டு எழுதிய மனிதர் அவர்தானே. திருவேங்கடத்தில், அதாவது திருப்பதி மலையில், கோனேரி என்ற குளத்தில் வாழும் ஒரு குருகாக, நீர்ப்பறவையாக, பிறக்க வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். அடுத்த பாட்டில் குருகு வேண்டாம், சுனையில் ஒரு மீன். பறவைக்குச் சிறகு இருக்கிறது, மலையை விட்டுப் பறந்து போய்விடலாம், அதனால்தான் மாற்றிக்கொண்டார் என்று உரை சொல்வார்கள். அப்புறம் பெருமாளின் பொன்வட்டில் பிடிக்கும் ஆள். அதையும் விட்டுச் செண்பக மரம், ஒன்றுக்கும் உதவாத வெறும் புதர், மலைச் சிகரம், காட்டாறு, நடைபாதை, சந்நிதி வாசற்படி என்று போய்க்கொண்டே இருக்கிறார். கடைசியில் "எம்பெருமான் பொன்மலைமேல் ஏதேனும் ஆவேனே" என்று முடித்துவிடுகிறார். பெருமாள் கோயில்களில் கருவறை வாசற்படியைக் குலசேகரன் படி என்று சொல்வது இதனால்தான்.

எல்லோரும் படியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. என்ன வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் என்ன வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வருகிறார். மண்ணரசு வேண்டாம். மதயானைக் கழுத்தில் ஏறிவரும் செல்வம் வேண்டாம். வெண்கொற்றக் குடைக்கீழ் மன்னர்களுக்கு மன்னனாக உட்காருவது வேண்டாம். இதையெல்லாம் நானோ நீங்களோ வேண்டாம் என்று சொன்னால் சிரிப்பார்கள். அவர் சேர நாட்டு ராஜா. யானைமேல் ஏறிச் சலித்தவர்தான் யானை வேண்டாம் என்று சொல்ல முடியும். அந்தப் பட்டியலில் பாதி அவருடைய அன்றாடம்.

அப்படிப் பார்த்தால் என் பட்டியலும் அதேதான். போன் வேண்டாம், அடுப்பு வேண்டாம், 20ஆம் தேதி வேண்டாம். என் யானைகள் இவை.

அவரைப் போலவே நானும் திருத்த உட்கார்ந்தேன். காபியை எடுத்துவிட்டு, பட்டறைக்கு எதிரே உள்ள பேக்கரியில் டீயும் ஒரு தேங்காய் பன்னும் என்று மாற்றினேன். எங்கள் பக்கம் டீக்கடையைவிட பேக்கரிதான் அதிகம், அடுத்த பிறவியிலும் அது மாறாது என்று நம்புகிறேன். கேரியருக்குப் பதில் மெஸ். சட்டையை நானே துவைப்பேன், பெயிண்ட் கறை போகாவிட்டால் போகட்டும். பெண்ணாகவே பிறப்பேன், சைக்கிளும் பட்டறையும் அப்படியே இருக்கும். இதைத்தான் எழுதக் கொஞ்சம் நேரம் ஆனது. ஷெட்டில் மதியத் தூக்கம் என்ற வரிக்கு வந்தபோது பேனா நின்றது. பத்து ஆண்கள் வேலை செய்கிற இடத்தில் ஒரு பொம்பளை துண்டை விரித்துப் படுத்துத் தூங்குவதைக் கற்பனையில்கூட என்னால் கொண்டுவர முடியவில்லை. அடுத்த பிறவி, எல்லாம் என் இஷ்டம் என்று சொல்லியும் முடியவில்லை. கடைசியில் பிடிவாதமாக எழுதினேன்: தூங்கினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்காரரையும் பையனையும் எங்கே காணோம் என்று நீங்கள் கேட்கலாம். பையன் ஞாயிற்றுக்கிழமை வருவான். அது செவ்வாய்க்கிழமைக் கணக்கில் வராது.

இவ்வளவு நடக்கும்போது அம்மா கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்லுங்கம்மா, அடுத்த பிறவியில என்னவாப் பொறக்கணும்?" என்றேன்.

"எதுக்கு? ஒருக்காப் பொறந்ததே போதுஞ் சாமி."

இதுதான் நம் பக்கத்துப் பதில். "வேண்டுங்கால் வேண்டும் பிறவாமை" என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். நல்ல பிறவி எது என்றால், இல்லாத பிறவிதான். பிறவி என்றாலே கடல், நோய் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அக்கா மகளின் பயிற்சி கொஞ்சம் விளையாட்டாகத்தான் தோன்றும். நானும் விட்டுவிட்டேன். கூடையில் பாதி வெங்காயம் தீர்ந்த பிறகு அம்மாவே ஆரம்பித்தாள்.

"அப்படியே பொறந்துதான் ஆகோணும்னா, மூத்தவளாப் பொறக்கக் கூடாது அம்மிணி. கடைக்குட்டியாப் பொறக்கோணும்."

அம்மாவுக்குக் கீழே ஆறு பேர். எல்லோரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். மாமாக்கள், சித்திகள் இன்றும் அம்மாவைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பெருமையும் இருக்கும். ஆனால் கேட்டால் வருவது இது.

காரைக்கால் அம்மையார் கேட்டதாகச் சேக்கிழார் பாடியதும் இதே வரிசையில்தான் இருக்கிறது. "பிறவாமை வேண்டும், மீண்டும் பிறப்பு உண்டேல் உன்னை என்றும் மறவாமை வேண்டும்." முதலில் பிறப்பே வேண்டாம் என்கிறார். அதற்கடுத்து ஒரு 'உண்டேல்' வருகிறது. அந்த 'உண்டேல்'க்குப் பின்னால் வருவதுதான் ஆளுக்கு ஆள் வேறு. அம்மையாருக்கு ஈசன், என் அம்மாவுக்குக் கடைக்குட்டி. நீங்கள் இந்தப் பயிற்சியைச் செய்து பார்ப்பதாக இருந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். முதல் பதிலோடு எழுந்து போய்விடாதீர்கள், கூடவே உட்கார்ந்து வெங்காயம் உரியுங்கள்.

பயிற்சியில் கடைசியாக ஒன்று உண்டு. எழுதிய நாளில் இந்தப் பிறவிக்குள்ளேயே நடக்கக்கூடியதை வட்டம் போட வேண்டும். பட்டறை, சைக்கிள் எல்லாம் தேறாது. எனக்கு இப்போது மூட்டு வலி. 'ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை' என்பதற்கு வட்டம் போட்டேன், அது நடக்கும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை. 'கையால் எழுதுவது' என்பதற்கும் போட்டேன்.

ஆபீஸ் வாசலில் இருக்கிற பிளெக்ஸ் போர்டு வெயிலில் வெளுத்துப்போய் ஜிஎஸ்டி என்பதில் 'ஜி' மட்டும்தான் தெரிகிறது. புதுசு அடிக்கக் கொடுப்பதாக இருந்தேன். கொடுக்கவில்லை. ஒரு தகடும் கறுப்பு எனாமலும் வாங்கிவந்து, பெயிண்டர் அண்ணனிடம் பழைய பிரஷ் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நூல் சுண்டிக் கோடு போடுவதுவரை எளிது. 'கணக்கு' என்று நான்கே எழுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போய்விட்டது. அம்மா கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டு வேடிக்கை பார்த்தாள். காபி நேரத்துக்கு வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். கையெல்லாம் பெயிண்ட் என்றேன். உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சர்க்கரை டப்பா எங்கே என்று குரல் வந்தது. அப்புறம் காபி வந்தது, சர்க்கரை கூடுதலாக.

போர்டைப் பெயிண்டர் அண்ணன் வந்து பார்த்தார். எட்டிப்போய் நின்று, தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "'ண' கொஞ்சம் படுத்துருச்சுங்க மேடம்" என்றார். "நிழல் கொடுத்தா நிமிந்துக்கும். அதை நீங்களே கொடுங்க. 20ஆந்தேதி முடியட்டும், நான் காட்டித் தாரேன்."