இடது பொட்டு

மே 4
கத்திரி ஆரம்பம். துணி காயப்போட மாடிக்குப் போய்ப் பாதியிலேயே இறங்கிவிட்டேன். எதிர்வீட்டுத் தகரக் கூரையில் பட்டுத் தெறிக்கிற வெயில் நேரே இடது கண்ணுக்குள் ஏறுகிறது.

மே 5
வந்துவிட்டது ஒற்றைத் தலைவலி. இடது நெற்றிப்பொட்டில்.

மே 6
விடியற்காலை வாந்தி எடுத்த பிறகுதான் கொஞ்சம் விட்டது. ஆச்சி சந்தனக் கல்லில் சுக்கு உரைத்துத் தந்தாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு உரைக்கணும், அவசரப்பட்டால் திப்பி திப்பியாக நிற்கும். பொட்டில் பூசியதும் முதலில் குளிர்ச்சி, அப்புறம் எரிச்சல், காயக் காயத் தோலை இழுத்துப் பிடிக்கும். அந்த எரிச்சலில் உள்ளே இடிக்கிறது கொஞ்ச நேரம் மறக்கிறது. காய்ந்ததும் கழுவிவிடணும், இல்லாவிட்டால் தோல் பொத்துப்போகும்.

ஈரானில் 100 பேருக்கு இஞ்சிப் பொடியோ, சுமாட்ரிப்டான் என்ற ஒற்றைத் தலைவலி மாத்திரையோ கொடுத்துப் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் இரண்டுக்கும் வலி ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்ததாக 2014இல் எழுதியிருக்கிறார்கள். அது உள்ளுக்குச் சாப்பிட்டது. ஆச்சியிடம் சொன்னேன். "உள்ளுக்கும் தாரேன், குடி" என்று கருப்பட்டி போட்டுச் சுக்குத் தண்ணி.

பாப்பா ஏன் அடிக்கடி நெற்றியைத் தேய்க்கிறாள்?

மே 8
நல்ல நாள். முறுக்குப் பிழிந்தோம்.

மே 9
காலண்டரில் மாத்திரை போட்ட தேதியையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு வருகிறேன். காஃபீன் கலந்த மாத்திரை மாதத்தில் 10 நாள், வெறும் பாராசிட்டமால் 15 நாள் என்று போய்விட்டால், மாத்திரையே தலைவலியைக் கூட்டிவரும் என்றார் டாக்டர். மாசக் கணக்கில் இப்படிப் போட்டவர்கள் நிறுத்தும்போது படும் பாட்டை அவர் சொன்னதிலிருந்து அட்டையைத் தொடவே பயம். சுக்குப் பற்று, இருட்டு அறை, பிடரியில் துண்டு சுற்றிய ஐஸ்கட்டி, இதில் எது கேட்டாலும் ஒரு வட்டம் மிச்சம். ஆனால் தாங்க முடியாத அன்றைக்கு ஆரம்பத்திலேயே போட்டுவிடணும், முற்றிய பிறகு போட்டால் கேட்பதில்லை.

மே 10
பாப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். "சும்மாதான் தேய்ச்சேன்" என்கிறாள்.

மே 12
நொச்சி ஆவி. நீர்க்கோத்த தலைக்குச் சரி, எனக்கு அந்த வாடையே குமட்டுகிறது. ஆச்சி அவ்வளவு தூரம் போய்ப் பறித்து வந்ததால் போர்வைக்குள் உட்கார்ந்தேன்.

மே 15
சாயங்காலம் பாப்பா வந்து நின்றாள். "அம்மா, டிவி ஓரத்துல வளைஞ்சு வளைஞ்சு மின்னுது. கண்ணை மூடினாலும் மின்னுது."

படுக்க வைத்து ஜன்னலைச் சாத்தினேன். கை கால் மரத்துப்போச்சா, பேச்சு குழறுதா என்று கேட்டுக் கேட்டு அவளைப் பயமுறுத்திவிட்டேனோ என்னவோ. அரை மணி நேரத்தில் மின்னுவது நின்றது. அதன் பிறகு இடது பக்கம் வலி. இடதுதான்.

ஆச்சி கல்லை எடுத்தாள். வேண்டாம் என்றேன், முதலில் டாக்டர் பார்க்கட்டும். "வயசுக்கு வரப் போறாளோ என்னமோ, உனக்கும் அப்பதானே ஆரம்பிச்சுது" என்றாள்.

நாளை 10 மணிக்கு டோக்கன். காலண்டரையும் எடுத்துக்கொண்டு போகணும்.