அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிவது

ஆன்லைன் கேம்களின் புகார் மேசையில் கெட்ட வார்த்தை பற்றிய டிக்கெட்டுகள் சீக்கிரம் முடிந்துவிடும். வார்த்தை சாட் பதிவில் இருக்கிறது, அடித்தது யார் என்பதும் இருக்கிறது. எச்சரிக்கையோ சாட் தடையோ போட்டு மூடிவிடலாம். சென்னை ஓஎம்ஆர் சாலை அலுவலகங்களின் இரவு ஷிப்டைத் தின்பவை வேறு மூன்று: 'வேணும்னே சும்மா நின்னான்', 'தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் ஓடிட்டான்', 'சீட்டர்' (ஏமாற்றி ஆடுகிறவன்). மூன்றிலும் புகார் கொடுப்பவர் பேசுவது மற்றவரின் எண்ணத்தைப் பற்றி. பதிவிலோ எண்ணம் இருக்காது. சர்வருக்கு வந்து சேர்ந்தது மட்டும்தான் இருக்கும். கூட விளையாடுகிறவர்களுக்குத் தெரிவதும் அவ்வளவுதான்.

ஓர் ஆட்டக்காரரின் பதிவு இப்படி இருப்பதாக எடுத்துக்கொள்வோம். 21:14:07 இணைப்பு துண்டிப்பு. 21:16:52 மறுஇணைப்பு. 21:16:58 தொடங்கி டீம் சாட்டில் வரிசையாக நான்கு வசவுகள், எல்லாம் அவருக்கு. 21:17:20 அவரே வெளியேறினார். மேலோட்டமாகப் பார்த்தால் விளையாட்டை மதிக்காத ஆள். ஆனால் அந்த இரண்டே முக்கால் நிமிடத்தைக் கவனிக்க வேண்டும். கரன்ட் போய் உடனே வந்தால், ரவுட்டர் எழுந்து விளக்குகள் நிலைபெற்று, போன் வைஃபையைப் பிடித்து, கேம் திரும்ப உள்ளே விட ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். ஓட நினைத்தவர் திரும்பி வந்திருக்க மாட்டார். 'கரன்ட் போச்சு, சாரி' என்று முதல் வேலையாக அடித்திருந்தால் அந்த நான்கு வசவில் மூன்றாவது வந்திருக்காது. திட்டியவர்களும் ஆறு நொடி பொறுத்து 'என்னாச்சு?' என்று கேட்டிருக்கலாம்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம், சென்னையில் ஆட்டத்தின் நடுவில் ஆள் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் மிகச் சாதாரணமான காரணம்தான் இருக்கும். மொபைல் கேமில் முதல் குற்றவாளி போன் அழைப்பு. அழைப்பு வந்ததும் மைக் அதற்குப் போய்விடும். எடுத்துப் பேசினால் கேம் பின்னணிக்குப் போய்விடும், திரையில் நம் ஆள் சிலை போல நிற்பார். அம்மாவின் போனை வாங்கி விளையாடும் பிள்ளைகளுக்கு இது தினசரிக் கதை. தரவரிசைக்கான ரேங்க் ஆட்டத்துக்கு முன் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட வேண்டும். வாட்ஸ்அப் அழைப்பும் அதில் அடங்குகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் அழைப்பு வந்தே தீரும் என்றால் அந்த நேரத்தில் நான்கு பேர் ஸ்குவாடில் சேராமல், யாரையும் பாதிக்காத பயிற்சி ஆட்டம் ஆடலாம்.

அடுத்தது மின்சாரம். பராமரிப்புக்காக நிறுத்தும் பகுதிகளை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது. நம் தெருவின் பெயர் பட்டியலில் இருந்தால், 40 நிமிடம் ஓடக்கூடிய ஆட்டத்தை நிறுத்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு தொடங்குவது மற்றவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வதாகும். ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் வாங்குபவர்கள், அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்க வேண்டும். பல ரவுட்டர்கள் 12 வோல்ட். ஆனால் 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் பெட்டியே போய்விடலாம். இன்னொன்று: நம் வீட்டில் யூபிஎஸ் இருந்தும், தெருமுனையில் இருக்கும் ஆபரேட்டரின் பெட்டிக்குக் கரன்ட் இல்லையென்றால் விளக்குகள் எரியும், நெட் வராது. ஆகவே போன் டேட்டா ஒரு கைப்பிடி மிச்சம் இருக்கட்டும்.

இணைப்பு அறுந்தால் நியாயம் எது என்பது உலகப் போட்டியிலேயே எளிதில் தீராத கேள்வி. 2020இல் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்திய இணையவழிச் செஸ் ஒலிம்பியாட் இறுதியில் இந்தியாவின் நிகால் சரின், திவ்யா தேஷ்முக் இருவருக்கும் நெட் துண்டித்து நேரம் தீர்ந்தது. முதலில் ரஷ்யா வென்றதாக அறிவித்து, முறையீட்டுக்குப் பிறகு இரு நாட்டுக்கும் சேர்த்துத் தங்கம் கொடுத்தார்கள். அதே போட்டியின் காலிறுதியில், இந்தியாவுக்கு எதிராக ஆடிய ஆர்மீனிய வீரருக்கும் இணைப்பு போனது. அவர்கள் முறையீடு ஏற்கப்படவில்லை, ஆர்மீனியா அதே காலிறுதியின் இரண்டாம் சுற்றுக்கு வராமல் விலகியது. நம் ஊர் ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இருந்த அணி வாங்கிய தங்கத்தைப் பற்றிப் பேசும்போது ஆர்மீனியாவின் வருத்தத்தையும் சேர்த்தே சொல்வதுதான் முறை.

தமிழ் பேசுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதால் ஒரே வசவுக்குப் பத்து எழுத்துக்கூட்டல் கிடைக்கும். தானியங்கி வடிகட்டி ஒன்பதை விட்டுவிடும். மறுபக்கம், ஒன்றுமில்லாததைப் பிடிக்கும். 'குண்டு போடு' என்றால் கையெறி குண்டை வீசு என்று பொருள். அதே 'குண்டு' ஒருவரின் படத்தைப் பார்த்துச் சொன்னால் உடலைக் கேலி செய்வது. 'மேல வா, போட்டுடலாம்' என்பதை இயந்திரம் மொழிபெயர்த்தால் கொலை மிரட்டல் மாதிரி நிற்கும். முன்னும் பின்னும் இருபது வரி படிக்காமல் இதில் தீர்ப்பு சொல்லக் கூடாது. 'டா'வும் அப்படித்தான். ராயபுரத்து நண்பர்களுக்குள் 'டேய்' என்பது பாசம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்து சேர்ந்த, வயதே தெரியாத ஒருவரை முதல் நிமிடத்திலேயே 'டேய்' என்பது பாசம் ஆகாது. 'ப்ரோ' போதும், பெண்ணாக இருக்கலாம் என்றால் கேமில் வைத்திருக்கும் பெயரையே சொல்லிக் கூப்பிடலாம்.

பெண் குரல் மைக்கில் கேட்டதும் 'பொண்ணா?' என்ற கேள்வி வரும் அறைகள் இன்னும் ஏராளம். அதனால் பலர் மைக்கைத் திறப்பதே இல்லை. பிறகு 'தகவல் சொல்லல' என்று அதற்கும் திட்டு விழும். வரைபடத்தில் குறி வைக்கும் பிங் பொத்தானை முழு அணியும் பயன்படுத்தினால் குரல் இல்லாமலே ஆட்டம் நடக்கும். தொல்லை தொடங்கும்போது கூட இருப்பவர் ஒருவர் 'கேம பத்தி மட்டும் பேசு' என்று சொன்னால் நிறையவே மாறுகிறது. எல்லாரும் அந்த ஆளை மியூட் செய்துவிட்டுச் சும்மா இருந்தால் அந்தப் பெண் மட்டும் தனியாக நிற்கிறார்.

'ஜிஜி' நல்ல ஆட்டம் என்று சொல்லும் வார்த்தை. தோற்றவர் சொன்னால் பெருந்தன்மை. முடிந்தபின் வென்றவர் சொன்னால் மரியாதை. முடியும் முன்பே வெல்லப் போகிறவர் சொன்னால் குத்தல். 'ஜிஜி ஈஸி' எப்போது சொன்னாலும் அவமதிப்புதான். ஓவர்வாட்ச் கேம் அந்தத் தொடரையே பிடித்து, அடித்தவரைக் கூச்சப்பட வைக்கும் வேறு வாக்கியமாக மாற்றிக் காட்டியது. கார்களை வைத்துக் கால்பந்து ஆடும் ராக்கெட் லீக் கேமில் 'என்ன ஒரு தடுப்பு' என்று பாராட்டும் தயார் வாசகத்தை, கோல் விட்டவரிடம் மூன்று முறை தட்டுகிறார்கள். வார்த்தையில் குற்றம் இல்லை, அது வந்த நொடியில்தான். எந்த வடிகட்டியும் இதைப் பிடிக்காது.

'சீட்டர்' புகார்களில் கணிசமானவை நெட்வொர்க் தாமதம். மூலையில் காத்திருப்பவரைவிட, மூலையிலிருந்து பாய்ந்து வெளியே வருகிறவர் ஒரு கண நேரம் முன்னதாகப் பார்த்துவிடுவார். அவர் நகர்ந்த செய்தி சர்வர் வழியாக நம் திரைக்கு வர வேண்டுமே. பிங், அதாவது செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், கூடக் கூட அந்த இடைவெளி வளரும். ஆகவே சாட்டில் கத்துவதற்கு முன் ரீப்ளே இருந்தால் பார்க்கலாம். சந்தேகம் தீரவில்லையா, ஆட்ட எண், நிமிடம், கண்ட நிகழ்வு, இந்த மூன்றையும் எழுதி ஒரே ஒரு புகார் போடலாம். 'ஹேக்கர், பேன் பண்ணு' என்று நண்பர்கள் பத்துப் பேரை வைத்து அனுப்பினாலும் பார்ப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. எந்த நிமிடத்தைத் திறந்து பார்ப்பது?

லீசெஸ் என்ற இணையவழிச் செஸ் தளத்தில் எதிராளியின் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறி உண்டு. அதைத் தட்டினால் அவருக்கு 15 நொடி கூடும். நம்முடையதில் ஒன்றும் குறையாது. அவருக்கு நெட் திணறுவது தெரிந்ததும் அதைத் தட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் இருப்பவர் திரும்பி வரும்போது, போன வேகத்தில் தீர்ந்திருக்க வேண்டிய கடிகாரத்தில் இன்னும் அரை நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும்.