வரல

ஆகஸ்ட் 15, 2024
கிராம சபைக் கூட்டத்துல பேச எழுந்தேன். "எங்க தெருவுல..." அவ்வளவுதான். மைக்கைப் பக்கத்துல இருந்தவர்கிட்ட கொடுத்துட்டு உட்கார்ந்துட்டேன்.

ஆகஸ்ட் 16
ராத்திரி பூரா தூக்கமில்ல. இப்போ எல்லாம் கோர்வையா வருது. கீழத்தெரு, பதினெட்டு வீடு, ஒரே குழாய். நாலு நாளைக்கு ஒரு தடவை, விடியக்காலை நாலு மணிக்கு, இருபது நிமிஷம். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நடவு நடும்போது என் குரல்தான் அடுத்த வயலுக்கும் கேக்கும். அந்தக் குரல் நேத்து எங்க போச்சு?

ஆகஸ்ட் 24
வீட்டுல நான் பேசிப் பார்த்ததைப் பெரியவ போன்ல பதிவு பண்ணிப் போட்டுக் காட்டினா. அப்பத்தான் புரிஞ்சுது. ஒவ்வொரு வரியிலயும் கடைசிச் சொல்லை முழுங்கிடறேன். "தண்ணி வரல"ன்னு சொன்னதுல "தண்ணி" கேக்குது, "வரல" கேக்கல. நம்ம பாஷையில விஷயமே கடைசிச் சொல்லுலதானே இருக்கு. அதை விட்டுட்டா வருதா வரலையான்னு கேக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? மூச்சு தீர்ந்த பிறகும் பேசிக்கிட்டே போறேன். அதான்.

ஆகஸ்ட் 25
மாட்டுக்கொட்டகை. கையில சொம்பு. பத்து தடவை "வரல".

செப்டம்பர் 9
அவையஞ்சாமைன்னு குறள்ல ஒரு அதிகாரமே இருக்கு, 73-ஆவது. கிராம சபைக்கு அரசியல் சட்டத்துல இடம் கொடுத்த 1992 திருத்தமும் 73-தான். நோட்டு அட்டையில 73-னு பெரிசா எழுதி வெச்சேன்.

செப்டம்பர் 14
வரல.

செப்டம்பர் 21
தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, செயலர் அவர்களே, வார்டு உறுப்பினர்களேன்னு எழுதி வெச்சிருந்தேன். இன்னைக்குப் பேசிப் பார்த்தா பாதி மூச்சு அங்கயே போயிடுது. அடிச்சுட்டேன். ஒரே ஒரு வணக்கம். அடுத்த வரியே "கீழத்தெருவுக்குத் தண்ணி வரல."

அக்டோபர் 1
மனு ரெண்டு பிரதி. ஒண்ணுல கையெழுத்து வாங்கிக்கணும். வயிறு என்னவோ பண்ணுது.

அக்டோபர் 2
பேசிட்டேன்.

அக்டோபர் 3
நேத்து எழுத முடியல. கை நடுங்கினதுல மைக் உதட்டுல இடிச்சுது. முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சுக்கிட்டேன், நடுக்கம் அடங்குச்சு. வேப்பமரத்தடியில கடைசியா நின்ன ஆச்சியைப் பார்த்துத்தான் முழுக்கப் பேசினேன். "வரல"ன்னதும் ஆச்சி தலையாட்டினாங்க. அங்க வரைக்கும் போயிருக்கு!

"பார்க்கலாம்மா"ன்னார் செயலர். "தீர்மானமா எழுதுங்க சார், எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க"ன்னேன். இது கொட்டகையில பேசிப் பார்க்காத வரி. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. வாசிச்சார்: "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது." தெரு பேர் இல்ல, நாள் கணக்கு இல்ல. மறுபடியும் எழுந்து நின்னேன். காகிதத்தைப் பார்க்கல. கீழத்தெரு, பதினெட்டு வீடு, நாலு நாள்னு நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், அவர் பேனா நகர்றதைப் பார்த்துக்கிட்டே. பேனா நின்ன பிறகுதான் அடுத்த சொல்.

அக்டோபர் 5
தீர்மான நகல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அடுத்த கூட்டம் நவம்பர் 1. ஆச்சி தானும் பேசணுமாம், சாயங்காலம் கொட்டகைக்கு வரேன்னாங்க. இன்னொரு சொம்பு எடுத்து வைக்கணும்.