ட்யூனிங் கற்கும்போது ஆப்பை எப்போது திறக்கலாம்?

பியானோ ட்யூனிங் கற்கத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை: சுரம் சரியா என்று திரையில் காட்டும் ட்யூனிங் ஆப் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காது முதலில் வேலை செய்யட்டும்.

கிட்டார் ட்யூனர் இதற்குப் போதாது. பியானோ கம்பி விறைப்பானது. அதனால் அதன் மேல்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) கணக்குக்குச் சற்று மேலேயே ஒலிக்கும். அதற்கேற்ப மேல் ஆக்டேவ்களைக் கொஞ்சம் ஏற்றியும் கீழ் ஆக்டேவ்களை இறக்கியும் வைக்க வேண்டும். டியூன்லேப், பியானோமீட்டர் போன்ற பியானோ ஆப்கள் உங்கள் பியானோவின் கம்பிகளையே அளந்து இந்த அளவைப் போட்டுத் தருகின்றன.

நான் பழகிய முறை இது. ஏ4-ஐ (நடு சி-க்கு மேலே உள்ள ஏ சுரம்) 440 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு, நடுப்பகுதியில் ஃபெல்ட் பட்டையைச் செருகி, சுரத்துக்கு ஒரு கம்பி மட்டும் ஒலிக்கும்படி செய்வேன். பிறகு காதாலேயே டெம்பரமென்ட், அதாவது நடு ஆக்டேவின் சுர இடைவெளிகளைச் சமமாகப் பங்கிடுவது. எஃப்3–ஏ3 சேர்ந்து ஒலிக்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய 7 பீட் (ஒலி கூடிக் குறையும் துடிப்பு) கேட்கும். இந்த ஜோடியை அரை அரைச் சுரமாக மேலே நகர்த்திக்கொண்டு போகப் போக இந்த வேகம் சீராகக் கூட வேண்டும். எங்கே தடுமாறுகிறதோ அந்தச் சுரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் ஆப்பைத் திறப்பேன். திரையும் அதே சுரத்தைக் காட்டினால் காது தேறுகிறது என்று அர்த்தம். முதலிலேயே திரையைப் பார்த்துவிட்டால் இந்தச் சோதனைக்கே வழியில்லை.

யூனிசனுக்கு, அதாவது ஒரே சுரத்துக்கு உள்ள இரண்டு மூன்று கம்பிகளை ஒன்றுபோல் ஒலிக்க வைக்க, ஆப்பை மூடிவிடுங்கள். ஏ4-இல் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) வித்தியாசம் இருந்தால் நான்கு வினாடிக்கு ஒரு பீட் வரும். முள்ளின் சின்ன அசைவில் அது தெரியாமல் போகலாம், பழகிய காதுக்குத் தப்பாது.

திரை பச்சை காட்டியதும், பின்னைத் (கம்பி சுற்றியிருக்கும் ஆணி) திருப்பும் லீவரை எடுத்துவிடாதீர்கள். அந்த ஆணி முறுகி நின்றிருந்தால் சுரம் மெல்ல நழுவும். பியானோ சாவியை (கட்டையை) நாலைந்து முறை ஓங்கி அடித்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். கை சரியாகப் பழகியிருக்கிறதா என்று சொல்வதில் ஆப் நல்ல வாத்தியார்.

சுருதி ரொம்ப இறங்கிப்போன பியானோவை ஏற்றும்போது மட்டும் கூச்சமே வேண்டாம், ஆப்பிடம் விட்டுவிடுங்கள். அடுத்தடுத்த கம்பிகளை இழுக்க இழுக்க முன்பு வைத்தவை இறங்கும். எவ்வளவு கூட்டி இழுக்கணும் என்பதை ஆப்பின் ஓவர்புல் கணக்கு சொல்லிவிடும். அப்படி முதல் சுற்றை வேகமாக முடித்துவிட்டு, நுணுக்கமான ட்யூனிங்கை இரண்டாம் சுற்றில் காதோடு தொடங்குங்கள்.