ரேகை விழாத விரல்கள்

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களின் விரல்களைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? பாறை இடுக்கில் கைவிட்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறவர்கள். வெட்டுப்படாமலிருக்க ஒவ்வொரு விரலுக்கும் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள், ஆனாலும் மணிக்கணக்கில் உப்புத்தண்ணீரில் ஊறி, கல்லில் உரசி ரேகை தேய்ந்துவிடும். அதே விரலைத்தான் ரேஷன் கடை மிஷினில் வைக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா கட்டைவிரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தார், விழவில்லை. அப்புறம் மற்ற விரல்கள், அதுவும் இல்லை. "நாளைக்கு வாங்கக்கா" என்றார் கடைக்காரர். நாளைக்கு வந்தால் அன்றைய கடல் வேலை போச்சு.

இது மனித உரிமைப் பிரச்சினைதான். 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 25வது பிரிவிலேயே உணவு இருக்கிறது. ரேகை பொருந்தாததால் தகுதியுள்ள யாருக்கும் எதுவும் மறுக்கப்படாது என்று மத்திய அரசு தந்த உறுதி, உச்ச நீதிமன்றத்தின் 2018 ஆதார் தீர்ப்பிலும் பதிவாகியிருக்கிறது. ஆனால் வரிசையில் நிற்கிறவருக்கு அதை யார் சொல்வது?

முகத்தைப் பார்த்து அடையாளம் காணும் ஏஐ வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். எனக்கு நம்பிக்கை இல்லை. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஏஐ ஆய்வாளர்கள் 2018-ல், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. வெயிலிலும் உப்பிலும் கறுத்த நம் பெண்களை அது எப்படிப் பார்க்கும் என்று இங்கே சோதிக்காமல் கொண்டுவரக் கூடாது.

ஏஐக்கு உருப்படியான வேலை வேறு இருக்கிறது. ரேகை தவறும்போதெல்லாம் அதைப் பதிந்துவைத்தால், எந்தக் கடையில், எந்த மாதத்தில், எந்த வயதுக்காரர்களுக்கு அதிகம் தவறுகிறது என்று பெயரே இல்லாமல் அது கண்டுபிடித்துச் சொல்லலாம், அதை வைத்து ஒரு அலுவலர் கடற்கரைக்கே வந்து மாற்றுவழி பதிந்து கொடுக்கலாம். மிஷின் வடிவமைப்பும் மாற வேண்டும். ரேகை விழாவிட்டால், "படிக்க முடியவில்லை, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்று தமிழில் சத்தமாகச் சொல்லட்டும், சீட்டும் அடித்துக் கொடுக்கட்டும். சோதனையை அலுவலகத்தில் வைக்காமல், பாசி எடுத்து அவர்கள் கரையேறும் நேரத்தில், அந்த ஈரக்கையோடேயே செய்யுங்கள்.