பினாங்கில் குசினியை நீட்டிக்க அனுமதி: பழைய பிளானிலிருந்து பாரம் எஃப் வரை

டெரஸ் வீட்டின் பின்புறம் குசினியைப் பத்தடி இழுத்துக் கட்டுவதற்குப் பினாங்கு மாநகர் கழகத்தில் அனுமதி கேட்டால், பிளான் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் புதிதாகக் கட்டப்போகும் பகுதி அல்ல. ஏற்கெனவே நிற்பதுதான். வீட்டை விற்றுவிட்டுப் போனவர் காற்றுக்கிணற்றுக்கு, அதாவது வெளிச்சமும் காற்றும் இறங்க வீட்டுக்குள் திறந்து விட்ட இடத்துக்கு, மேல் கூரை போட்டு ஸ்டோர் ஆக்கியிருப்பார். பின்முற்றத்தில் தகரம் இறக்கியிருப்பார். மாடி பால்கனிக்குக் கண்ணாடி அடைத்து அறையோடு சேர்த்திருப்பார். எதற்கும் அவர் பிளான் போட்டிருக்க மாட்டார். இப்போது நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் விண்ணப்பம்தான் அதையெல்லாம் முதன்முறையாக அதிகாரியின் கண்ணுக்குக் கொண்டுவருகிறது.

அதனால் முதல் வேலை, கழகத்தின் கோப்பில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பழைய பிளானுக்கு நகல் வாங்குவது. கொம்தாரில் உள்ள கழகத்தின் கட்டடப் பிரிவுக்குக் கிரான் எனும் நில உரிமைப் பத்திரத்தின் நகல், வீட்டு வரி ரசீது, அடையாள அட்டை மூன்றையும் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். உரிமையாளருக்குப் பதிலாக வேறொருவர் போனால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் வேண்டும். நகல் கிடைத்ததும் அளவு நாடாவோடு வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு சுவரையும் ஒவ்வொரு சன்னலையும் பிளானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்சுவருக்கும் எல்லைக்கும் இடைவெளி எவ்வளவு, காற்றுக்கிணறு எங்கே இருந்தது, எந்த சன்னல் அடைபட்டிருக்கிறது என்று சிவப்புப் பேனாவில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், வரைபவர் உங்களிடம் சரியான விலை சொல்வார். இல்லாவிட்டால் பாதி வழியில் கூடுதல் கட்டணம் கேட்பார்.

பிளானில் இல்லாத பழைய கட்டுமானத்துக்கு இரண்டே வழிதான்: புதிய பிளானில் அதையும் சேர்த்து முறைப்படுத்துவது, அல்லது இடிப்பது. 'ஏற்கெனவே உள்ளது' என்று கறுப்புக் கோட்டில் வரைந்து நைசாகத் தள்ளிவிடலாம் என்று சில குத்தகையாளர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். அதிகாரி தன் கோப்பில் உள்ள பழைய பிளானைப் பக்கத்தில் விரித்து வைத்துத்தான் பார்க்கிறார். கழகம் அங்கீகரித்தது மட்டும்தான் அங்கே 'ஏற்கெனவே உள்ளது'. புதிதாகச் சேர்ப்பதைச் சிவப்பிலும் இடிப்பதைப் புள்ளிக்கோட்டிலும் காட்ட வேண்டும். தளப் பிளான் 1:100 அளவில் இருக்கட்டும்.

தரை ஓடு மாற்றுவது, வர்ணம் பூசுவது, குசினி அலமாரி போடுவது போன்றவற்றுக்குப் பிளான் தேவையில்லை. இடைப்பட்ட சிறு வேலைகளுக்குப் படத்தைக் காட்டிக் கவுண்டரில் கேட்டுவிடுவதே நல்லது. ஆனால் திறந்த இடத்தின் மேல் கூரை போடுவது சட்டப்படி கட்டடம் எழுப்புவதுதான். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது சட்டம் 133, பிரிவு 70 அப்படித்தான் சொல்கிறது. ஒரே வீட்டைப் பிரித்து இரண்டு குடித்தனம் ஆக்குவதும் அதற்குள் வரும். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டினால் நீதிமன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 1,000 ரிங்கிட் என்று அந்தப் பிரிவு விரிகிறது. இடிக்க உத்தரவிடும் அதிகாரம் பிரிவு 72இல் இருக்கிறது. நடைமுறையில் இது பெரும்பாலும் அண்டை வீட்டுப் புகாரில்தான் தொடங்கும்.

தாள்களில் நம் குடும்பங்கள் அதிகம் சிக்குவது கிரானில் உள்ள பெயரில்தான். விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்திட வேண்டியவர் பதிவு பெற்ற உரிமையாளர். கிரான் இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருந்தால், வரியை இத்தனை வருடமும் நீங்களே கட்டியிருந்தாலும் கையெழுத்திட முடியாது. முதலில் சொத்துப் பங்கீட்டு வேலையை முடித்துப் பெயர் மாற்ற வேண்டும். அண்ணன் தம்பி இருவர் பெயர் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். நில அலுவலகத்தில் ஒரு 'சாரியான்' எடுத்துப் பாருங்கள். கிரானின் இப்போதைய நிலை, நிலத்தின் மீதுள்ள நிபந்தனை, வங்கிக் கடன் பதிவு எல்லாம் அதில் தெரியும். அதோடு இந்த ஆண்டின் சுக்காய் தானா எனும் நில வரி, சுக்காய் பிந்து எனும் வீட்டு வரி ரசீதுகள். பாக்கி இருந்தால் முதலில் கட்டி முடியுங்கள்.

பிளானை யார் சமர்ப்பிக்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். லாம் என்று நாம் சொல்லும் மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிந்த ஆர்கிடெக்ட் அல்லது பதிவு பெற்ற பிளான் வரைவாளர் சமர்ப்பிக்கலாம். தகுதி பெற்ற பொறியியலாளரும் சமர்ப்பிக்கலாம். வரைவாளருக்கு வரம்பு உண்டு: மொத்தம் 300 சதுர மீட்டருக்கு மேற்படாத, இரண்டு மாடிக்கு மேற்படாத கட்டடம். சாதாரண டெரஸ் வீட்டுக்கு இது போதும், கட்டணமும் குறைவு. ஆனால் கான்கிரீட் தூண், பீம் இருந்தால் கட்டமைப்புப் பிளானுக்குத் தனியாகப் பொறியியலாளர் கையெழுத்து வேண்டும். குத்தகையாளர் 'பிளானும் சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றால், கையெழுத்திடப் போகிறவரின் பெயரும் பதிவு எண்ணும் கேளுங்கள்; அவரை ஒரு முறையாவது வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவர் அதே ஆள்தான். வீட்டைப் பார்க்காமல் முத்திரை மட்டும் விற்றவர் அந்த நேரத்தில் போன் எடுக்க மாட்டார். எங்களுக்குத் தெரிந்து பாதியில் நின்ற கோப்புகளில் இதுவே அதிகம்.

அடுத்து அளவுகள். சீரான கட்டடத் துணைச் சட்டம் 1984 என்ற மாதிரி விதிகளைப் பினாங்கும் ஏற்றிருக்கிறது. குசினியை நீட்டும்போது முதலில் அடிபடுவது வெளிச்சமும் காற்றும். அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காடாவது சன்னல் இருக்க வேண்டும். 5 விழுக்காடாவது தடையில்லாமல் காற்று வரும் திறப்பாக இருக்க வேண்டும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை என்றால் 12 சதுர மீட்டர், சன்னல் 1.2, திறப்பு 0.6. நகர்த்தும் சன்னலில் பாதிதான் திறக்கும் என்பதால் 1.2 சதுர மீட்டர் நகர்த்தும் சன்னல் வைத்தால் விளிம்பில் தப்பிக்கும், அதற்குக் கீழே போனால் தப்பிக்காது. சிக்கல் புதுக் குசினியில் வருவதில்லை. அது பின்பக்கம் சன்னல் வைத்துக்கொள்ளும். பழைய குசினியோ, பின் படுக்கையறையோ வெளியே பார்த்துக்கொண்டிருந்த சன்னலை இழக்கிறதே, அங்கேதான் அதிகாரி பேனாவை வைப்பார். நடுவில் காற்றுக்கிணறு விடுவதுதான் வழி. இரண்டு மாடி வரை அதன் பரப்பு 7 சதுர மீட்டருக்கும் அகலம் 2.5 மீட்டருக்கும் குறையக் கூடாது. குளியலறை, கழிவறைக்கு மட்டும் என்றால் 3.75 சதுர மீட்டர், அகலம் 1.5 மீட்டர். இருபதடி அகல வீட்டில் இது பெரிய இடம்தான், மனம் வராது. ஆனாலும் பினாங்கு வெயிலில் காற்றில்லாத நடு அறை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இந்த விதியைக் குறை சொல்ல மாட்டார்கள்.

உயரம்: கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2.5 மீட்டர், குசினிக்கு 2.25, குளியலறைக்கு 2. சாய்கூரை போடும்போது தாழ்ந்த பக்கத்தைக் கணக்குப் போட்டுவிடுங்கள். 10 டிகிரி சாய்வில் 3 மீட்டர் நீளத்துக்கு 53 சென்டிமீட்டர் இறங்கும். மேல்மாடி சன்னலுக்குக் கீழே 2.9 மீட்டரில் தொடங்கினால் மறுமுனையில் 2.37 கிடைக்கும், சரி. 2.7இல் தொடங்கினால் கிடைக்காது. மழைநீர் உங்கள் பக்கத்துப் பீலி வழியாக உங்கள் வடிகாலுக்கே போக வேண்டும். அதைப் பிளானில் அம்புக்குறியோடு காட்டுங்கள்.

பக்கத்து வீட்டோடு பகிரும் சுவர் மொத்தம் 200 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும். கூரைக்கு மேல் 230 மில்லிமீட்டராவது உயர வேண்டும். தீ ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவாமல் இருக்கத்தான் இது. வெவ்வேறு காலத்தில் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் 100 மில்லிமீட்டராக இரண்டு தோலாக, அதாவது ஒட்டி நிற்கும் இரண்டு தனிச் சுவராகக் கட்டலாம். உங்கள் தோல் உங்கள் எல்லைக்குள் நிற்கட்டும். பக்கத்து வீட்டார் முன்பே கட்டிய சுவரில் உங்கள் பீமைக் குத்தி ஏற்றுவது கொத்தனாருக்கு எளிது, உங்களுக்குப் பின்னால் வழக்கு.

மண்ணுக்கடியிலும் பார்க்க வேண்டும். பழைய தாமான்கள் பலவற்றில் கழிவுநீர்க் குழாயும் மேன்ஹோலும் பின்முற்றத்துக்குள்ளேயே ஓடும். அதன் மேல் தளம் போட்டு ஓடு ஒட்டிவிட்டால், அடைப்பு வரும்போது கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர் ஆட்கள் திறக்க மூடியே இருக்காது. உங்கள் வீடு மட்டுமல்ல, வரிசையே நாறும். மூடியின் இடத்தை அளந்து பிளானில் காட்டி, கட்டடத்தை அதற்கு ஒதுக்கியோ, அனுமதியோடு குழாயை மாற்றியோ தீர்க்க வேண்டும்.

அஸ்திவாரத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஜெலுத்தோங், பாயான் லெப்பாஸ் பக்கம் கடலோரக் களிமண் நிலத்தில் பழைய வீடு பைல் மேல், அதாவது மண்ணில் ஆழமாக இறக்கிய தூண்கள் மேல் நிற்கும். நீட்டிய குசினி இரண்டடிப் பள்ளத்தில் போட்ட பாதக் கான்கிரீட்டில் நிற்கும். பழையது அசையாது, புதியது மெல்ல இறங்கும். ஓரிரு மழைக்காலத்தில் இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக விரிசல் திறக்கும், கூரையும் அங்கேயே ஒழுகும். சிமெண்ட் பூசி மூடினால் மறுபடி திறக்கும். பொறியியலாளரிடம் மெக்கிண்டோஷ் புரோப் சோதனை கேளுங்கள்: கையால் அடித்து இறக்கும் மெல்லிய கம்பி, மென்மண் எவ்வளவு ஆழம் என்று காட்டிவிடும். அதைப் பார்த்து அவர் மைக்ரோபைல் கேட்கலாம். அல்லது புதிய பகுதியைத் தன் தூண்களிலேயே நிறுத்தி, பழைய சுவரோடு கட்டாமல் இடைவெளி மூட்டு விடச் சொல்லலாம். கொஞ்சம் செலவுதான். ஆனால் இங்கே மிச்சம் பிடித்த பணம் யாருக்கும் மிஞ்சியதில்லை. ஆயிர் ஈத்தாம், பாயா தெருபோங் மேட்டுப் பக்கம் கேள்வி வேறு. கடல் மட்டத்துக்கு 76 மீட்டருக்கு மேலோ 25 டிகிரிக்கு மேற்பட்ட சரிவிலோ இருந்தால் அது மலைநிலம்; சரிவு பற்றிய அறிக்கை இல்லாமல் பேச்சே இல்லை.

அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதத்தை இடம் வலம் இரு பக்கமும், பின்வீட்டிலும் வாங்கி வையுங்கள். கையெழுத்து உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் போட்டது செல்லாது. கடிதத்தோடு பிளான் நகலையும் இணைத்து அதன் மேலும் கையெழுத்து வாங்கினால், 'இவ்வளவு உயரம் என்று சொல்லவில்லையே' என்ற பேச்சு பின்னால் வராது. உரிமையாளர் சிங்கப்பூரிலோ கேஎல்லிலோ இருக்கலாம். இந்த வேலையைத்தான் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

விண்ணப்பம் ஓஎஸ்சி எனும் ஒரே இட மையத்தின் வழியே இணையத்தில் போகிறது. அங்கிருந்து சம்பந்தப்பட்ட பிரிவுகளுக்குப் பிரியும். கருத்துகள் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, பிளானில் எந்தத் தாளில் திருத்தினோம் என்று எழுதிப் பதில் கொடுக்கச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பதுக்குப் பதில் சொன்னால் கோப்பு அந்தப் பத்தாவதுக்காக மறுபடி திரும்பும்.

ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார், லெபோ குயின் பக்கம் கடைவீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதாது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பகுதி அது. பாரம்பரியப் பிரிவின் பார்வையும் வேண்டும். முகப்பு, கூரை ஓடு, ஐந்தடி நடைபாதை எதையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிச் செங்கல் உதிரும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதலில் நிர்வாகக் குழுவின் எழுத்துச் சம்மதம் வாங்க வேண்டும். பட்டர்வொர்த், பிறை பக்கம் என்றால் அலுவலகமே வேறு, செபராங் பிறை மாநகர் கழகம்.

அனுமதிக் கடிதம் வந்ததும் அதிலுள்ள நிபந்தனைகளைக் குத்தகையாளரோடு உட்கார்ந்து வாசியுங்கள். 12 மாதத்துக்குள் வேலை தொடங்கவில்லை என்றால் அனுமதி காலாவதியாகும். தொடங்குமுன் பாரம் பி மூலம் கழகத்துக்கு அறிவிக்க வேண்டும். குத்தகையாளர் சிஐடிபி எனும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவராக இருக்கட்டும்.

2007 ஏப்ரல் 12 முதல் கட்டி முடித்த வீட்டுக்கு ஒப்புதல் தருவது கழகம் அல்ல; பிளான் சமர்ப்பித்தவரே நிறைவுச் சான்றிதழான பாரம் எஃப்-இல் கையெழுத்திடுகிறார். அதற்கு முன் வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்குமான ஜி1 முதல் ஜி21 வரையுள்ள பாரங்களில் உங்கள் வேலைக்குரியவை நிரம்பியிருக்க வேண்டும்: எல்லை குறிப்பது ஜி2, அஸ்திவாரம் ஜி3, கட்டமைப்பு ஜி4, தண்ணீர்க் குழாய் ஜி5, கழிவுக் குழாய் ஜி6, மின்சாரம் ஜி7. செய்தவரும் மேற்பார்த்தவரும் அதில் கையெழுத்திடுவார்கள். கான்கிரீட் ஊற்றிய பிறகு கம்பி தெரியாது. பொறியியலாளர் வந்து பார்க்காமல் வெள்ளிக்கிழமை மாலை அவசரமாக ஊற்றிவிட்டால் ஜி3 நின்றுவிடும். அதை உடைத்துக் காட்டச் சொன்னாலும் சொல்வார். ஊற்றும் நாளை இரண்டு நாள் முன்பே அவருக்குச் சொல்லி, அளவு நாடாவைக் கம்பியோடு வைத்துப் படமும் எடுத்து வையுங்கள். நடுவில் சன்னலை நகர்த்த ஆசை வந்தால், நகர்த்துவதற்கு முன் திருத்தப் பிளான் கொடுங்கள்.

பாரம் எஃப் வெளியிட்ட 14 நாளுக்குள் அதன் நகல் கழகத்துக்கும் வாரியத்துக்கும் போக வேண்டும். அதைச் செய்வது கையெழுத்திட்டவரின் கடமை. போனதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அசலை அங்கீகரித்த பிளானோடும் ஜி பாரங்களோடும் கிரான் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். வீட்டை விற்கும்போதோ மறுகடன் கேட்கும்போதோ வங்கியின் மதிப்பீட்டாளர் நீட்டிய பகுதியைக் கணக்கில் சேர்க்க அதைத்தான் கேட்பார். வீட்டின் ஆண்டு மதிப்பு மறுபடி கணக்கிடப்பட்டால் வீட்டு வரியும் ஏறும்.